முன்னால போறவன் புண்ணியத்துல

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. காலை நல்லா நீட்டிக்கோ. உன் காலுக்குத்தான் இப்ப வேலையே இல்லையாமே! சோழிங்கநல்லூர்லேருந்து இங்க வர்ற வரைக்கும் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் தன்னால அழுந்திக்கிச்சுன்னு உங்க ஆயாகிட்ட பெருமை பேசிக்கிட்டிருந்தே. அவ பாவம், பேரனுக்குக் கால்ல என்னமோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு முடக்கத்தான் ரசம் வெக்கப் போயிருக்கா.

அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோலாம். பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பெருங்களத்தூர் தாண்டிடலாம். கெழவனுக்கு என்னா தெரியப்போவுதுன்னு நேத்து ராத்திரி அரைமணி நேரம் வெளக்கம் சொன்னே. நானும் தலையை ஆட்டிக்கிட்டே கேட்டேன். நீ தூங்கினதும் உன் தங்கச்சியை எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயி, கவர்கூடப் பிரிக்காம வண்டிக்குள்ள கெடந்த புஸ்தகத்தை எடுத்துப் படிக்கச் சொன்னேன். அத்தனை லட்சம் கொட்டி வாங்கின வண்டியில ஓசியா வந்தது அந்தப் புஸ்தகம் ஒண்ணுதான். அதை மட்டும் நீ தொடல. நல்ல புள்ள.

பம்பர் பக்கத்துல ஒரு ரேடார், மேல கண்ணாடிக்குப் பின்னால ஒரு கேமரா. ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ்ல அலையை வுட்டுக்கிட்டே இருக்கும். முன்னால போற வண்டியில பட்டுத் திரும்பி வர்றதை வெச்சு, அவன் எவ்வளவு தூரத்துல இருக்கான், நம்மைக்காட்டி வேகமா போறானா மெதுவா போறானான்னு கணக்குப் போடும். நீ 80ன்னு சொல்லி வெச்சா, ரோடு காலியா இருந்தா 80ல போவும். முன்னால ஒருத்தன் 40ல போனா இதுவும் 40. அவன் நின்னா இதுவும் நிக்கும். அவன் சட்டுனு கெளம்பினா இதுவும் கெளம்பும். ரெண்டு மூணு செகண்டுக்கு மேல நின்னுட்டா பட்டனைத் தட்டு, இல்ல ஆக்ஸிலேட்டரை லேசா தொடுன்னு கேக்கும். அது வண்டிக்கு வண்டி மாறும்.

இது உனக்குப் புதுசு. எங்களுக்குப் பழசு. அந்தக் காலத்துல மல்லாட்டை மூட்டையை ஏத்திக்கிட்டுத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு ராத்திரியோட ராத்திரியா வண்டி கட்டுவோம். பத்துப் பன்னெண்டு வண்டி வரிசையா போவும். அச்சுக்குக் கீழ அரிக்கேன் விளக்கு ஆடிக்கிட்டிருக்கும். ஊர் எல்லை தாண்டினதும் வண்டிக்காரன் மூட்டை மேல துண்டை விரிச்சுப் படுத்துடுவான். மாடு முன்னால போற வண்டியப் பாத்துக்கிட்டே நடக்கும். அது நின்னா நிக்கும், நடந்தா நடக்கும். ஒரு தடவை வேலைவெட்டி இல்லாத பசங்க நாலு பேரு, மொத வண்டிக்காரனும் கொறட்டை வுடறதைப் பாத்துட்டு, சத்தம் போடாம அந்த மாட்டை மட்டும் வந்த வழிக்கே திருப்பி வுட்டுட்டாங்க. பின்னால வந்தது அத்தனையும் ஒழுங்கா, இடைவெளி கொறையாம, மரியாதையா திரும்பிச்சு. பொழுது விடிஞ்சு கண்ணைத் தொறந்து பாத்தா கமிட்டியைக் காணோம், நம்ம ஊரு ஏரிக்கரை. தண்ணி எடுக்க வந்த பொம்பளைங்க, “என்னாங்க, நல்ல வெலை போச்சா?”ன்னு கேட்டாங்களாம்.

மாட்டு மேல தப்பு சொல்ல முடியுமா? அதுக்குச் சொன்ன வேலை முன்னால போறவன் பின்னால போறது. உன் வண்டிக்கும் அந்த வேலைதான். அவன் கமிட்டிக்குப் போறானா கம்மாய்க்குப் போறானான்னு பாக்கறது மூட்டை மேல படுத்திருக்கறவன் வேலை.

அது கெடக்கட்டும். முன்வண்டிக்கு வுடற இடைவெளியை ஒத்தைக் கோட்டுல, அதான் ரொம்பக் கிட்டக்க வெச்சிருக்கியே, அந்தப் புத்திதான் எனக்கு ரொம்பப் புடிச்சிது. மூணு கோடு வெச்சா எவனாவது நடுவுல பூந்துடுவானாமே. ஆமா, பூந்துட்டா மானம் போயிடும். முட்டினா பம்பர்தான் போவும். நம்ம வம்சத்துல பம்பரைக் காட்டி மானம்தான் பெருசு.

ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாரு, இன்ஜினியருக்குப் படிச்சவன்தானே. 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு வண்டி 17 மீட்டர் ஓடும். ரெண்டு செகண்டு இடைவெளின்னா 33 மீட்டர். கூடுவாஞ்சேரியில 33 மீட்டர் காலி எடம் தெரிஞ்சா சும்மா வுடுவானுங்களா? ஷேர் ஆட்டோ பூருவான், புல்லட்டுக்காரன் பூருவான், மாநகரப் பேருந்து பின்பக்கத்தை ஆட்டிக்கிட்டு உள்ள வரும். வரட்டுமே! ஒருத்தன் பூந்தா உன் வண்டி கொஞ்சம் பின்வாங்கி மறுபடி ரெண்டு செகண்டு எடம் வுடும். நீ எழந்தது அந்த ரெண்டு செகண்டு. பெருங்களத்தூர்லேருந்து பரனூர் சுங்கச்சாவடி வரைக்கும் முப்பது பேரு பூந்தாலும் மொத்தம் ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் முன்னாடி வந்து இங்க என்னா கிழிக்கப்போறே? உங்க ஆயா அதுக்குள்ள கடுகுகூடத் தாளிச்சிருக்க மாட்டா. இதுக்காக ஒவ்வொருத்தனையும் பாத்து ஆரன் அடிச்சு, பல்லைக் கடிச்சு, பின்சீட்டுல உக்காந்திருக்கற மருமவப் பொண்ணு காதுல வுழறாப்ல வாயில வந்ததைப் பேசிக்கிட்டு வந்தியாமே. வண்டிக்கு இல்லாத ரோசம் உனக்கு எதுக்குடா?

ஒத்தைக் கோட்டுல ஒரு விசேஷமும் இருக்கு. முன்னால செவப்பு லைட்டு எரியறதைப் பாத்து மனுஷன் காலு பிரேக்குக்குப் போவறதுக்கே ஏறத்தாழ ஒரு செகண்டு ஆவும். வண்டி அதைவிட சுறுசுறுப்புதான், இல்லேங்கல. ஆனா சில நேரம் அது, ‘என்னால ஆவாது, நீ புடி’ன்னு பீப் அடிச்சுட்டு ஒதுங்கிக்கும். அந்த நேரத்துல உன் கால் எங்க இருந்துச்சு? சீட்டு மேல சம்மணம் போட்டிருந்துச்சுன்னு உன் தங்கச்சி சாட்சி சொல்றா.

ஒருத்தரும் மோதல, ஒருத்தரும் குறுக்க வரல, ரோடு நல்லாத்தான் இருக்கு, அப்பவும் எதுக்குடா நின்னு நின்னு போவுதுன்னு அலுத்துக்கிட்டே இல்ல? ஜப்பான்காரன் அதைப் பாத்து வெச்சிருக்கான். 230 மீட்டர் சுத்தளவுல வட்டம் போட்டு 22 காரை வுட்டு, எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்துல சும்மா சுத்துங்கன்னான். சிக்னல் கெடையாது, குறுக்க மாடு கெடையாது. கொஞ்ச நேரத்துல தானாவே நெரிசல் புடிச்சுக்கிச்சு. ஒருத்தன் லேசா பிரேக்கைத் தொட, பின்னால இருக்கறவன் கொஞ்சம் கூடத் தொட, அவனுக்குப் பின்னால இருக்கறவன் நிறுத்தியே புட்டான். நிக்கற எடம் மட்டும் பின்பக்கமா நகந்துக்கிட்டே போச்சு. 2008ல எழுதி வெளியிட்டாங்க. பொங்கலுக்கு முந்தின நாள் மறைமலைநகர்ல நின்னவனுக்கு ஜப்பான் சாட்சி தேவையில்லேன்னு வெச்சுக்கோ.

சரி, மெஷின்கிட்ட குடுத்துட்டா இந்த வியாதி போயிடும்னுதானே சொன்னே? போவும். பொறுமையா, எடம் வுட்டு, மெதுவா ஏத்தி மெதுவா எறக்கற மாதிரி செஞ்சா ஒரே ஒரு வண்டிகூடப் பின்னால வர்ற இருவது வண்டியை ஆத்துப்படுத்தும்னு அமெரிக்காவுல வட்டம் போட்டே காட்டியிருக்காங்க. ஆனா அது ஆராய்ச்சிக்காரங்க தனியா சொல்லிக் குடுத்து ஓட்டின வண்டி. கடையில விக்கற ஏழு தினுசு காரை எடுத்து, அதுங்களோட குரூஸ் கன்ட்ரோலைச் சோதிச்சுப் பாத்தாங்க இன்னொரு கூட்டத்தார். ஏழுமே முன்னால அடிச்ச சின்ன பிரேக்கைப் பின்னால பெருசாக்கித்தான் குடுத்துச்சாம். ஆக, மெஷினும் நம்ம ஜாதிதான். அதனாலதான் சொல்றேன், கோட்டைக் கூட்டி வை.

இந்தக் குரூஸ் கன்ட்ரோலை மொதல்ல கண்டுபுடிச்ச மனுஷரைப் பத்தியும் கேட்டுக்கோ. அமெரிக்காவுல ரால்ஃப் டீட்டர்னு ஒருத்தர். சின்ன வயசுலயே ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அவரோட வக்கீல் கார் ஓட்டும்போது, தான் பேசறப்ப மெதுவாவும், மத்தவங்க பேசறதைக் கேக்கறப்ப வேகமாவும் போவாராம். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போன எரிச்சல்ல, வேகத்தை ஒரே சீரா புடிச்சு வெக்கற சாமானைச் செஞ்சதா சொல்றாங்க. 1950ல காப்புரிமை வாங்கினாரு, 1958ல கிறைஸ்லர் கார்ல வந்துச்சு. கண்ணு தெரியாதவரு அவ்வளவு கவனமா ஒக்காந்து வந்திருக்காரு. நீ ரெண்டு கண்ணையும் வெச்சுக்கிட்டுப் போன்ல ரீல்ஸ் பாத்துக்கிட்டு வர்றே. காலம் முன்னேறிடுச்சு.

அப்புறம் 1995ல மிட்சுபிஷிக்காரன் லேசர் வெச்சு முன்வண்டியப் பாக்கற மாதிரி செஞ்சான். அது ஆக்ஸிலேட்டரைத் தணிக்கும், கியரைக் கொறைக்கும், பிரேக் மட்டும் போடாது. நம்ம ஊரு மினிபஸ் டிரைவருங்க அதைத்தான் பாத்துக் கத்துக்கிட்டாங்கன்னு நெனைக்கறேன். 1999ல மெர்சிடிஸ்ல ரேடார் வந்து பிரேக்கும் சேந்துக்கிச்சு.

இப்ப நான் சொல்றதை மட்டும் காதுல வாங்கிக்கோ, மத்ததை வுட்டாலும் வுடு. உன் ரேடாருக்கு ஓடறவனைத்தான் நல்லாத் தெரியும். நிக்கறவன் மேல அதுக்கு சந்தேகம். ஏன்னா போர்டு, பாலம், தடுப்புச்சுவர், கம்பம்னு ரோட்டோரம் நிக்கறது எல்லாத்துலயும் பட்டு அலை திரும்பி வரும். எல்லாத்துக்கும் பிரேக் போட்டா வண்டி வண்டலூரைத் தாண்டாது. அதனால நிக்கறதுல பாதியைக் கண்டும் காணாம வுட்டுடும். உனக்கு முன்னால போற லாரி சட்டுனு பக்கத்து லைன்ல ஒதுங்கறான்னு வை. எதுக்கு ஒதுங்கினான்? அங்க ஒரு வேன் பஞ்சராகி நிக்குது. லாரிக்காரன் பாத்துட்டான். உன் வண்டி என்னா நெனைக்கும்? ‘ஆகா, முன்னால இருந்தவன் போயிட்டான், ரோடு காலி, 80க்குப் போவலாம்’னு நெனச்சாலும் நெனைக்கும். கண்டுபுடிக்காம போவலாம்னு அந்தப் புஸ்தகத்துலயே கறுப்பு எழுத்துல போட்டிருக்கான். நிதானமா படிச்சுப் பாரு, தூக்கமே வராது.

80ன்னு சொன்னதை நீ மறந்துடுவே, அது மறக்காது. கிளாம்பாக்கத்துக்கிட்ட 20ல ஊந்துக்கிட்டிருப்பே. முன்னால இருந்த பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பிடும். பையைத் தூக்கிக்கிட்டு ஜனங்க குறுக்க ஓடிக்கிட்டிருப்பாங்க. அப்பத்தான் உன் வண்டிக்குப் பழைய ஞாபகம் வந்து சீறிக்கிட்டுக் கெளம்பும். நெரிசல்ல போகணும்னா ஓடற வேகத்துக்குக் கொஞ்சம் மேல, 40ன்னு வெச்சுக்கோ. இல்லாட்டி தாம்பரத்துலேருந்து சிங்கப்பெருமாள்கோயில் வரைக்கும் அதை அணைச்சுட்டுக் காலைக் கீழ வை. சுங்கச்சாவடி வந்தாலும் அணை. குறுக்கக் கெடக்கற மெல்லிசு கட்டையை அது மதிக்குங்கற நம்பிக்கை எனக்கில்ல. செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம், மேல்மருவத்தூர்னு ஒரே சீரா ஊந்துக்கிட்டுப் போற கூட்டத்துல போட்டுக்கோ. அங்க அது முழங்காலுக்கு நெசமாவே புண்ணியம்தான். நான் அதைக் கொறை சொல்ல மாட்டேன்.

ஆனா நம்ம பக்கம் வந்ததும் மறுபடி முழிச்சுக்கணும். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போற கரும்பு டிராக்டர் பின்னால விளக்கும் இருக்காது, வில்லையும் இருக்காது. டிப்பர் ஓரத்துக்கு வெளிய ரெண்டு முழம் கரும்பு நீட்டிக்கிட்டிருக்கும். ரேடார் டிப்பரைப் பாக்குமா, கரும்பைப் பாக்குமா? ராங் சைடுல பால்கேன் கட்டிக்கிட்டு வர்றவனை அது எந்தக் கணக்குல சேக்கும்? ஏதாவது ஆச்சுன்னா ஸ்டேஷன்ல எழுதப்போறது உன் பேரைத்தான். ரேடாரைக் கூண்டுல ஏத்தின கோர்ட்டு நம்ம ஜில்லாவுல இதுவரைக்கும் இல்ல.

அப்புறம், முன்னால கனமா இரும்புத் தடுப்பு ஒண்ணு மாட்டப் போறேன்னியே, அந்த யோசனையை வுட்டுடு. 2017லயே மத்திய சர்க்கார் வேணாம்னுட்டான். அதுவுமில்லாம ரேடார் மூஞ்சிக்கு நேரா இரும்பை வெச்சா அது எதைப் பாக்கும்? சேறு அப்பிக்கிட்டாலும் கண்ணை மூடிக்கும், பேய்மழையிலயும் அப்பிடித்தான்.

நேத்து பூசை போட்டப்ப உங்க ஆயா வண்டி மூஞ்சியில சந்தனத்தைக் கொழைச்சு ஒரு அப்பு அப்பி, நடுவுல குங்குமம் வெச்சு, சாமந்தி மாலையைச் சாத்தினாளே, சரியா அந்த எடத்துலதான் ரேடார் இருக்காம். புஸ்தகத்துல படம் போட்டிருக்கு. இன்னைக்குக் காலையில வண்டியை எடுத்ததும் என்னமோ மஞ்சளா லைட்டு எரியுதுன்னு கம்பெனிக்கு போன் பண்ணிக்கிட்டிருந்தியே, அதுக்கு மெக்கானிக் வர வேணாம், ஈரத்துணி போதும். போயி நீயே தொடைச்சுக்கோ. ஏன் தொடைச்சேன்னு உங்க ஆயாகிட்டயும் நீயே சொல்லிக்கோ. அந்த ஒத்தை வேலைக்கு மட்டும் என்னைக் கூப்புடாத.