தூரப் போட்றாத!

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்கு ஒரு கைவேலைச் சித்தி உண்டு. உறவில் சித்தியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. தெருவே அவரைச் சித்தி என்றுதான் கூப்பிடும். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். முந்தானையில் எந்நேரமும் ரெண்டு குண்டூசி குத்தியிருக்கும். விரல் நுனிகளில் ஃபெவிகால் காய்ந்து பிசிறு பிசிறாக உரிந்துகொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் யார் எதைக் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோனாலும் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுப்பார்.

"எய்யா, அதத் தூரப் போட்றாத!"

"வெறும் டப்பா சித்தி."

"டப்பாதான். கிடக்கட்டும்."

அந்தக் 'கிடக்கட்டும்' வந்துவிட்டால் அந்தப் பொருளுக்கு மறுபிறவி நிச்சயம். ஹார்லிக்ஸ் பாட்டில் பூச்சாடியாகும். பூச்சாடி சலித்துப்போனால் விளக்காகும். விளக்கும் அலுத்துவிட்டால் கழுத்தில் சமிக்கி ஒட்டி, கண் மூக்கு வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பெண் பொம்மையாகப் போய்ச் சேரும். மோட்சம் மட்டும் கிடையாது.

இந்த இனம் மற்ற ஊர்களிலும் உண்டுதான். இந்த வட்டாரத்தில் இத்தனை செழிப்பாக இருப்பதற்குக் காரணம், கைக்கெட்டும் தூரத்தில் கொட்டிக்கிடக்கும் சரக்கு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்ததிலிருந்து ஊரில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிக்குத் தறி பேண்டேஜ் துணி. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் சிவகாசி, காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அச்சாகிற ஊர். டிசம்பர் 31 ராத்திரி ஊரே புதுவருஷத்துக்குக் காத்திருக்கும். சித்தி, நாலு வீட்டு டெய்லி காலண்டர் அட்டைகளுக்குக் காத்திருப்பார். தாளெல்லாம் கிழித்து முடிந்த அட்டையில் முருகனோ லட்சுமியோ சிரித்துக்கொண்டே இருப்பார்கள். சாமி படத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. அந்தத் தயக்கம்தான் சித்தியின் முதலீடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். டப்பாவுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்பது சித்தியின் கட்சி.

சத்திரப்பட்டித் துணியில் அவர் செய்யும் ரோஜாவைத் தனியாகச் சொல்லவேண்டும். கண் கண்ணாக இருக்கும் அந்தத் துணியை வடிகஞ்சியில் முக்கி, சாயத்தில் தோய்த்து, நிழலில் காயவைத்து, இதழ் இதழாக வெட்டி, மெல்லிய கம்பியில் சுற்றி, அடியில் பச்சை நூலைப் போட்டு இறுக்குவார். ரெண்டடி தள்ளி நின்று பார்த்தால் நிஜப் பூ தோற்றுப்போகும். ஒரு கல்யாண மேடையில் வந்தவர்கள் அத்தனை பேரும் ஏமாந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கம்பவுண்டர் ஒருவர் மட்டும் கிட்டப் போய் இதழை நிமிண்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ரோலர் பேண்டேஜுல்ல?" என்றார். சித்தி அசரவில்லை.

"ஆமா தம்பி. அங்கயும் கட்டுத்தான், இங்கயும் கட்டுத்தான்."

வீட்டில் சித்தப்பா என்று ஒருவர் இருப்பார். அவருக்கு உட்கார இடம் இருக்காது. சாய்வு நாற்காலியில் பெயின்ட் காயும், கட்டிலில் தெர்மாகோல் மண்டபம் நிற்கும், திண்ணையில் ஐஸ்குச்சிகள் நிறம்வாரியாகப் படுத்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சித்தப்பாவுக்குப் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. 1875-இல் அதை ஆரம்பித்தவர்கள் அறிவை வளர்க்கத்தான் நினைத்திருப்பார்கள். இன்றைக்கு அது ஓர் அகதிக்கு அடைக்கலமும் கொடுக்கிறது. ராஜபாளையத்துச் சித்தப்பா ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேவிட்டார், "ஒரு நாற்காலியவாவது விட்டு வைக்கக் கூடாதா?" என்று. 1949-இல் சென்னை மாகாண முதல்வரான பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். சித்தி அவரைச் சாட்சிக்கு இழுத்தார்.

"அவரு கலைக்காக வீட்டையே எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க ஒரு நாற்காலியக் குடுக்க மாட்டீகளோ?"

சித்தப்பா அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் பேப்பர் படிக்கிறார்.

சித்தியின் ராஜ்ஜியம் முழுசாக விரிவது விசேஷ வீடுகளில்தான். ஆரத்தித் தட்டு என்றால் மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே ஏமாந்துபோவார்கள். ஒரு தட்டில் தெர்மாகோல் யானை தும்பிக்கை தூக்கி நிற்கும். ஒன்றில் சாயம் ஏற்றிய ஜவ்வரிசியில் மயில். இன்னொன்றில் குந்தன் கல் ஒட்டிய வெற்றிலை, நடுவே மணமக்கள் பெயர். பெயரை மட்டும் சித்தி கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்திருப்பார். ஏனென்றால் வைகாசியில் ராஜபாளையத்தில் ஆலம் சுற்றிய யானை, ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் வேறு ஜோடியை ஆசீர்வதிக்கப் போகவேண்டும். வீடியோ எடுக்கிறவர்களுக்கு அந்த யானையை நன்றாகத் தெரியும். ஒடிந்த தந்தத்தை வைத்து அடையாளம் சொல்வார்கள்.

சீர்வரிசைத் தட்டு இதைவிட மேலே. அங்கே எந்தப் பொருளும் தன் சொந்த உருவத்தில் இருக்க அனுமதி கிடையாது. பட்டுச்சேலை தோகை விரித்த மயிலாகும், துண்டு அன்னமாகும், ரவிக்கைத் துணி தாமரையாகும், மாப்பிள்ளையின் வேட்டி ஒரு சிறு கோபுரமாகும். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். அவஸ்தை அப்புறம்தான். மயிலைக் கலைத்துச் சேலையாக்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குண்டூசி பொறுக்குவார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று நம்பிப் புதுப்பெண் சேலையைக் கட்டுவாள். மறுவீட்டு விருந்தில் பந்தியில் குனியும்போதுதான் மயிலின் கடைசி அலகு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

சித்தி கொடுக்கும் பரிசை வாங்குவது சுலபம், வைத்திருப்பதுதான் கஷ்டம். அவர் மறப்பதில்லை. எந்த வருஷம் யாருக்கு என்ன கொடுத்தார் என்பது பஞ்சாங்கச் சுத்தமாக மனதில் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே கண் ஷோகேஸுக்குப் போய்விடும். காபி வருவதற்குள் தணிக்கை முடிந்திருக்கும்.

சென்னையில் இருக்கும் ஒரு மருமகனுக்கு அவர் கொட்டாங்கச்சியில் ஆமை செய்து கொடுத்தார். தென்னந்தோப்பு நிறைந்த ஊரில் கொட்டாங்கச்சிக்குக் குறைவா? ஓட்டைப் பாலீஷ் போட்டு மினுமினுப்பாக்கி, நாலு காலும் கழுத்தும் வைத்து, முதுகில் பேனா சொருக ஓட்டையும் போட்டிருந்தார். பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு போனார் மருமகன். பெர்த்தில் ஆமை படுத்தது, அவர் உட்கார்ந்திருந்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆறு மாதம் கழித்துச் சித்தி சென்னைக்குப் போனார்.

"ஆமைய எங்க மாப்ள?"

மருமகன் பேச்சை மாற்றப் பார்த்தார். அவர் மனைவி துணிந்து சொன்னாள்: "இல்ல சித்தி, ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு பக்கத்துல சொன்னாங்க. அதான் மேல பரண்ல..."

சித்தி கோபிக்கவில்லை. "அதுவும் சரித்தான் தாயி. எனக்குத் தோணாமப் போச்சே" என்று ஆமையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த பொங்கலுக்கு அது திரும்பி வந்தது. ஓடு தொந்தியாகியிருந்தது. கழுத்து இருந்த இடத்தில் தும்பிக்கை. பேனா ஓட்டையில் ஊதுபத்தி. பிள்ளையாரைப் பரணில் போட யாருக்குத் தைரியம் வரும்? சென்னையில் தினமும் காலை அவருக்கு ஒரு செம்பருத்தி வைக்கிறார்கள்.

"கடையில நல்லதா ஒண்ணு வாங்கிக் கொடுத்துறலாமே சித்தி" என்று யாராவது சொன்னால், சித்தி ஆண்டாளையே துணைக்கு அழைப்பார். பெரியாழ்வார் நந்தவனம் வைத்துத் தன் கையால் பூத்தொடுத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மகள் சூடிப் பார்த்துக் கொடுத்த மாலைதான் வேண்டும் என்று பெருமாளே கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் இங்கிருந்துதான் மாலை போகிறது.

"பெருமாளே போட்டுக் கழத்துனத வாங்கிக்கிட்டாரு. ஒனக்குப் புதுசாக் கவர் பிரிச்சுக் குடுத்தாத்தான் ஆகுமோ?"

இதற்குப் பதில் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. ஆனால் சித்திக்கு எதிரான சாட்சி அந்த ஆண்டாள் கோயிலிலேயே இருக்கிறது. அது ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி.

அந்தக் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம்பூ, இறக்கைக்கு நந்தியாவட்டை இலை, கண்ணுக்குக் காக்காப்பொன், கட்டுவதற்கு வாழைநார். பரம்பரையாகச் செய்கிறவர்களுக்கே ஒரு கிளிக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். இத்தனை பாடுபட்டுக் கட்டிய கிளி மறுநாள் பிரசாதமாக ஒரு பக்தர் கைக்குப் போய்விடும்; ஆண்டாள் கையில் வேறு கிளி வந்துவிடும். ஜப்பானில் இசே கோயிலை 20 வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள் என்று உலகமே வியக்கிறது. இங்கே இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கிறது.

அந்தக் கிளி ஒருமுறை பிரசாதமாகச் சித்திக்கே கிடைத்தது. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். இலையென்றால் வாடத்தானே செய்யும். கிளி பழுப்பாகிச் சுருங்கியது. பச்சைப் பெயின்ட் ஒரு கோட் அடித்தால் என்ன என்று அவர் யோசிக்க ஆரம்பித்த அன்றுதான், சித்தப்பா தன் தாம்பத்திய வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

என் கட்சி இதுதான்: கையால் செய்த பரிசு ஒன்று வாடவேண்டும், இல்லாவிட்டால் தேயவேண்டும். சித்தியின் அம்மா செய்த அலங்காரங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. தென்னங்குருத்தில் தோரணம் கட்டினார், மறுநாள் மாடு தின்றது. மாக்கோலம் போட்டார், எறும்பு தின்றது. யாருக்கும் ஷோகேஸ் தேவைப்படவில்லை. 1959-இல் ஃபெவிகால் வந்தது, பின்னால் தெர்மாகோல் வந்தது. அலங்காரங்கள் சாவதை நிறுத்திக்கொண்டன. சித்தியின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பசைதான் பிசகு.

பசையே படாத ஒன்றும் அவரிடம் உண்டு. ஒயர் கூடை. மத்தியானம் சீரியல் பார்த்துக்கொண்டே பின்னுவார். கண் டிவியில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு முடிச்சுப் போடும். சாதா முடிச்சில் அடி போட்டு, மேலே ஏறும்போது சிவன் கண்ணோ நெல்லிக்காயோ பிஸ்கட்டோ ஆளைப் பார்த்து முடிவு செய்வார். மாமியாருக்கென்றால் சிவன் கண், காலேஜ் பிள்ளைக்கென்றால் பிஸ்கட். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்கும்போது 'கிர்ரக்' என்று ஒரு சத்தம் வரும். வில்லி வசனத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் எப்படியோ தாளம் சேர்ந்துவிடும். அந்தக் கூடையில் சப்பட்டை மாம்பழம் கூடை நிறையப் போட்டுத் தூக்கினாலும் கைப்பிடி விடாது. 2019-இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது ஊரே கையை வீசிக்கொண்டு மார்க்கெட்டில் விழித்து நின்றது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே சொன்னது. சித்தி உதட்டைப் பிதுக்கினார். "நான் எப்ப விட்டேன், மீண்டும் எடுக்க?"

ஆகவே இந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு சித்தி இருந்தால், விசேஷம் வருகிறது என்று தெரிந்ததும் முந்திக்கொள்ளுங்கள். ஒயர் ரெண்டு நிறத்தில் நீங்களே வாங்கிக்கொண்டு போய், எனக்குக் கூடைதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வளைகாப்புத் தாம்பூலத்துக்கும் அதையே கொஞ்சம் சின்னதாகப் பின்னித் தருவார். வந்தவர்கள் அதில் பத்து வருஷம் காய்கறி வாங்குவார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டால், "சித்திக்குக் காசா குடுக்க வந்த?" என்று கையைத் தட்டிவிடுவார். அந்தப் பேச்சைக் காதில் வாங்கவே வாங்காதீர்கள். அந்த விரல்களில் காய்ப்பு ஏறியிருக்கிறது. பணத்தை டிவி மேலே வைத்துவிட்டு வாருங்கள்.