செவ்வாய்க்கிழமை அறிவாளி

வாடா பேராண்டி, உக்காரு. உன் செல்லுக்குள்ள இருக்கிற ஆளுக்கு அறிவு முத்திப் போச்சுன்னு டீக்கடையில நின்னு முழங்குனியாமே? நீ நம்மூர் காலேஜுல கம்ப்யூட்டர் படிக்கிறவன். நானு குரும்பலூர விட்டா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுதான் உலகம்னு கிடக்கிற மடையன். எனக்குப் புரியிறாப்புல சொல்லு சாமி.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு எந்தக் கிழமை தோதுன்னு அதுகிட்டக் கேக்கச் சொன்னேன்ல? செவ்வாய்க்கிழமை காலையில போங்க, கூட்டம் இருக்காதுன்னுச்சு. வாஸ்தவம்தான். ஆத்தா கோயில் நடை தொறக்கிறது திங்களும் வெள்ளியும். பூட்டுன கோயிலுல எங்கேர்ந்துடா கூட்டம் வரும்? நீ தப்பைச் சுட்டிக் காட்டுனதும், ‘மன்னிக்கவும், நீங்க சொல்றதுதான் சரி’ன்னுச்சு. நான் சும்மா, ‘இல்ல, புதன்கிழமைதான்’னு கிளறி விட்டேன். அதுக்கும் ‘நீங்க சொல்றதுதான் சரி’ங்குது! ஆளப் பாத்துத் தலையாட்டுறதுதான் அறிவுன்னா, ஓட்டுக் கேட்டு வர்றவுக அத்தனை பேரும் மேதைங்கதான்.

அதைக் குத்தஞ்சொல்லல. அது கத்துக்கிட்ட தொழிலே அதுதான். மலையாக் குவிச்ச எழுத்தைக் குடுத்து, ஒரு சொல்லுக்குப் பின்னால எது வரும்னு கணக்குப் போடப் பழக்கியிருக்காங்க. கணக்கு பொருந்துனாச் சரி, கோயில் பூட்டியிருந்தா அதுக்கென்ன? 1966லயே அமெரிக்காவுல வைசன்பாம்னு ஒரு வாத்தியாரு எலிசான்னு இந்த மாதிரிப் பேசுற புரோகிராம் ஒண்ணை வெளியிட்டாரு. நாம சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக் கேக்கும், அம்புட்டுதான். அதை அவரு உருவாக்குறதைக் கூடவே இருந்து பாத்த செக்ரட்டரியம்மாவே, கொஞ்ச நேரம் பேசிப்புட்டு, ‘நீங்க வெளிய இருங்க’ன்னுட்டாங்க. மனுசன் மிரண்டு போயி, எச்சரிக்கையாப் பொஸ்தகம் எழுதுனாரு. நீ மிரளலையே, சந்தாக் கட்டலாமான்னுல்ல பாக்குற!

2025ல பாத்தியா? ஏர்டெல்காரன் இந்தப் பேச்சு மிசினுல ஒண்ணை ஒரு வருசம் சும்மாக் குடுத்தான். ஜியோக்காரன் இன்னொண்ணை 18 மாசம். சாட்ஜிபிடிக்காரனே நேரா வந்து ஒரு வருசம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேம்பாக. நான் பாப்பேன். இவனுக வாயையே தொறந்து காட்ட மாட்டேங்கிறானுகளே!

நம்ம பட்டறையில கிடக்கிற விதை வெங்காயம் நம்மளுது. நடலாம், பொறுக்கி வைக்கலாம், பங்காளிக்கும் அள்ளிக் குடுக்கலாம். மக்காச்சோள விதைன்னா வருசா வருசம் பாக்கெட்டுக்குக் கடை வாசல்ல நிக்கணும். ஸ்டால்மன்னு ஒருத்தரு பல வருசமா இதைத்தான் கத்துறாரு: புரோகிராம்னா ஓட்டிக்கணும், உள்ள பாக்கணும், திருத்தணும், அடுத்தவனுக்குக் குடுக்கணும், இந்த நாலு உரிமையும் வேணும்னு. இந்தப் பேச்சு மிசினை அறிவுங்காதீங்கன்னு சொல்றவரும் அவருதான். சிலபேரு தொறந்துதான் வச்சிருக்கோம்பாக. மெட்டாவோட லாமாங்கிற பேச்சு மிசினு லைசென்சப் படி: மாசத்துக்கு 70 கோடிப் பேருக்கு மேல வச்சிருக்கிற கம்பெனி தனி உத்தரவு வாங்கணும். எதைத் தின்னு வளந்துச்சுங்கிற கணக்கை மட்டும் காட்ட மாட்டாக.

தொறந்து காட்டிட்டா அறிவு வந்துருமா தாத்தான்னு கேப்ப. வராது. எங்க கோணுதுன்னு தெரிஞ்சவன் பாத்துச் சொல்லுவான், அதான் லாபம். அறிவாளின்னு பட்டங்கட்டிட்டா, உள்ள என்னடா இருக்குன்னு எவன் கேப்பான்? கேக்காம இருக்கத்தான்டா அந்தப் பட்டமே.

2011ல ஆரம்பிச்சு சர்க்கார் குடுத்த லேப்டாப்புல, நம்ம சென்னை சி-டாக் ஆளுக ஆக்குன பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பிரிச்சுப் பாக்க உரிமையுள்ள சாமான். உன் சித்தப்பன் என்ன பண்ணான்? அழிச்சுப்புட்டு சினிமாப் படம் ஏத்துனான். நீயாச்சும் விழுப்புரம் போ. அங்க குனு/லினக்ஸ் பயனர் குழுன்னு புள்ளைக கூடி, கிராமத்துப் பசங்களுக்குக் கத்துக்குடுக்குதுக. பஸ்ஸுக்குக் காசு நான் தர்றேன். கத்துக்கிட்டு வந்து, உள்ள எது எப்படி ஓடுதுன்னு ஒரே ஒரு புரோகிராமை என் முன்னால பிரிச்சுக் காட்டு. அறிவாளிப் பட்டம் உனக்கு நானே கட்டுறேன்.