கடற்கரைச் சாலை நடுவர்

சாயங்காலம் 6 மணிக்குப் புதுச்சேரி பீச் ரோட்டில் போலீஸ்காரர் தடுப்பை இழுத்துப் போட்டதும் வண்டிகள் நின்றுவிடும். வாய்கள் ஓடத் தொடங்கும். மறுநாள் காலை வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்குச் சொந்தம் என்பது ஏற்பாடு. நடப்பவர்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதிப் பேர் சுவரில் உட்கார்ந்து பேச வந்தவர்கள். அரசியல் பேசுபவர், சர்க்கரை அளவு பேசுபவர், பிரான்சில் இருக்கும் பிள்ளையின் சம்பளத்தை யூரோவிலிருந்து ரூபாய்க்கு மாற்றிப் பேசுபவர் என்று பல ரகம். இவர்களுக்கு நடுவே, உலகத்தில் எதையும் வேறு எதோடாவது மோதவிட்டுப் பார்க்காமல் தூக்கம் வராத ரகம் ஒன்று உண்டு. சுற்றியிருப்பவர்கள் அவரை நடுவர் என்பார்கள்.

நடுவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மில்லில் இருந்தாரோ, சர்க்கார் ஆபீசில் இருந்தாரோ, இப்போது கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். பகலில் வீட்டு டி.வி.யில் ஒரு சேனலில் மானைத் துரத்தும் சிறுத்தை, இன்னொரு சேனலில் கூண்டுக்குள் கட்டிப் புரளும் இரண்டு பேர். ரிமோட்டை மாற்றி மாற்றிப் பார்த்து, நாளாவட்டத்தில் இரண்டும் அவருக்கு ஒரே நிகழ்ச்சியாகிவிட்டன.

"அண்ணே, சிங்கமும் புலியும் மோதினா யாரு ஜெயிப்பா?" என்று சுண்டல் பொட்டலத்தோடு ஒரு பையன் வந்து கேட்பான். நடுவர் சட்டென்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டிவரும்.

"எந்தச் சிங்கம்? ஆப்பிரிக்காவா, கிர் காடா?"

"ஏதோ ஒரு சிங்கம்ணே."

"ஏதோ ஒண்ணுன்னு மேட்ச் போட முடியுமா? சரி, மைதானமா, காடா? சிங்கம் தனியா வருதா, அண்ணன் தம்பியைக் கூட்டிட்டு வருதா? கூட்டிட்டு வந்தா அதுக்குப் பேரு குத்துச்சண்டை இல்ல, வாய்க்கா வரப்புத் தகராறு."

பையன் சுண்டலைத் தின்று முடித்துவிடுவான். நடுவர் இன்னும் எடை பார்க்கும் கட்டத்தில்தான் இருப்பார். "2025 கணக்குப்படி குஜராத்துல 891 சிங்கம். கிர் காட்டுல புலி குடியிருப்பே கிடையாது. புலி இருக்கற காட்டுல சிங்கம் கிடையாது. ரெண்டு பேருக்கும் தேதி ஒத்து வரல. இத்தனை வருஷமா ஒரு புரமோட்டர் கிடைக்கல, அவ்வளவுதான்."

மனிதச் சண்டை என்று வந்துவிட்டால் நடுவருக்கு ஊர்ப்பற்று பொங்கும். 1921 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஜாக் டெம்ப்ஸியும் பிரான்சின் ஜார்ஜ் கார்பாந்தியேவும் மோதினார்கள். டிக்கெட் வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் குத்துச்சண்டை அது. நாலாவது ரவுண்டில் கார்பாந்தியே விழுந்தார். "அப்ப இந்த ஊர்ல எந்தக் கொடி பறந்துச்சு? பிரெஞ்சுக் கொடி. அப்ப விழுந்தவன் யாரு? பாண்டிக்காரன்" என்பார் நடுவர், தாடையைத் தடவிக்கொண்டே. வாங்கிய குத்து இன்னும் வலிக்கிறதாம். ஆறுதலுக்கு ஒரு வெற்றியும் கைவசம் வைத்திருக்கிறார். 1948-இல் பிரான்சின் மார்செல் செர்தான் மிடில்வெயிட் பட்டத்தை வென்றபோதும் இங்கே அதே கொடிதான். "ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. கணக்கு நேராயிடுச்சு."

முகமது அலி 1980-இல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நடுவரும் போயிருந்தாராம். எம்.ஜி.ஆருக்குப் பக்கத்து நாற்காலி என்று அவர் சொல்வதில்லை. அந்த அளவுக்கு நேர்மை உண்டு. இரண்டு வரிசை தள்ளித்தான். ஆனால் அவர் மனதில் நிற்கும் அலி, 1976-இல் டோக்கியோவில் மல்யுத்த வீரர் அந்தோணியோ இனோக்கியோடு மோதிய அலி. 15 ரவுண்டில் பெரும்பகுதி நேரம் இனோக்கி தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். முடிவு டிரா. "உலக சாம்பியனை ஒருத்தன் படுத்துக்கிட்டே சமாளிச்சிருக்கான் பாருங்க. அதுக்கப்புறம் அந்தக் கலையை நம்ம கவர்ன்மென்ட் ஆபீசுங்கதான் அழியாம காப்பாத்துது."

சிலைகளையும் அவர் விட்டுவைப்பதில்லை. இந்தச் சாலையில் காந்தி 4 மீட்டர் உயரம். தெற்குக் கோடியில் நிற்கும் பழைய பிரெஞ்சு கவர்னர் டூப்ளே மூன்று மீட்டரைத் தொடவில்லை. "உயரமும் காந்திக்கு, கை நீளமும் காந்திக்கு, கையில தடி வேற. டூப்ளே எதுக்குப் பார்க்குப் பக்கம் ஒதுங்கி நிக்கிறாருன்னு இப்பப் புரியுதா?" டூப்ளே தோற்றதில் ஆங்கிலேயத் தளபதி கிளைவுக்குப் பெரிய பங்கு இல்லை என்பது அவர் கட்சி. 1754-இல் பாரீசிலிருந்தே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். "ஆள் நின்னு ஆடிக்கிட்டு இருக்கான், கோச்சு துண்டைத் தூக்கி ரிங்குக்குள்ள போட்டுட்டான்." டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினாரே, அது நடுவரைப் பொறுத்தவரை ரிங் ஓரத்தில் உட்கார்ந்து செய்த நேர்முக வர்ணனை.

கடலிலும் அவருக்கு ஒரு குத்துச்சண்டைக்காரர் உண்டு, ஒரு இறால் ஜாதி. பீகாக் மேன்டிஸ் ஷ்ரிம்ப் என்பார்கள். உள்ளங்கை நீளம்தான், அது விடும் குத்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். நத்தை ஓடு சுக்குநூறு. "80! புஸ்ஸி வீதியில அந்த வேகத்துல எவனாவது போயிருக்கானா?" என்று கேட்டுவிட்டுக் கடலை ஒரு பார்வை பார்ப்பார்.

இதையெல்லாம் வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் லாஸ்பேட்டைக் காலி மனையில் ஒருநாள் நடந்ததைப் பார்த்தவர்கள் தள்ள மாட்டார்கள். இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து ஆளுயரத்துக்கு எழும்பி எழும்பி விழுந்தன. கூட்டம் கூடிவிட்டது. நல்ல பாம்பும் சாரையும் சேர்ந்திருக்கின்றன, மேலே வேட்டியை விரித்து எடுத்தால் வீட்டுக்குச் செல்வம் வரும் என்று ஒருவர் இடுப்பு வேட்டியை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார். ஓர் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நடுவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வேட்டியைக் கட்டுய்யா. இது கல்யாணம் இல்ல, குஸ்தி. ரெண்டுமே சாரை. ரெண்டுமே ஆம்பளை. எவன் தலையை எவன் கீழ அமுக்கறதுங்கறதுதான் போட்டி. கடிக்கறதே கிடையாது, பாரு."

பார்த்தார்கள். அவர் சொன்னபடியே கடி இல்லை. ஒன்றின் தலையை மற்றது தரையோடு அழுத்தியது, அமுங்கியது நழுவி எழுந்தது, மறுபடி பின்னல். கடைசியில் ஒன்று சலித்துப்போய் வேலிக்குள் சரசரவென்று போய்விட்டது. ஜெயித்தது துரத்தவில்லை. "நல்ல காரியத்தைக் கெடுத்தியே, பாவி" என்று ஆயா திட்டிக்கொண்டே போனாள். வேட்டிக்காரர் மாத்திரம் முடிச்சை இறுக்கியபடி, "ரெண்டும் ஆம்பளைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

நடுவரின் மொத்தத் தத்துவமும் அந்தக் காலி மனையில்தான் இருக்கிறது. காட்டில் எவனும் சாகிறவரை சண்டை போட ஆசைப்படுவதில்லை. அங்கே ஆஸ்பத்திரி கிடையாது. கால் உடைந்த புலிக்கு அடுத்த வேளைச் சாப்பாடும் கிடையாது. அதனால் உறுமல், பிடரியைச் சிலிர்த்தல், படம் எடுத்தல் என்று வாயிலும் வேஷத்திலுமே முக்கால்வாசி வழக்கு முடிந்துவிடும். "படம் எடுக்கற பாம்பு கடிக்கவா வருது? கடிக்காம முடிச்சுக்கலாமான்னு கேக்குது. நம்ம ஊர்ல 'நான் யாருன்னு தெரியுமா'ன்னு ஒருத்தன் கத்துறானே, அதுவும் அதேதான். அவன் யாருன்னு அவனுக்கே சரியாத் தெரியாது. நாம விலகிப்போக ஒரு சந்தர்ப்பம் குடுக்கறான்."

தத்துவத்துக்குச் சோதனை மிஷன் வீதியில் வந்தது. சனிக்கிழமை. சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று ஒதுங்கும்போது, நின்றிருந்த உள்ளூர் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. கார்க்காரர் இறங்கினார். ஸ்கூட்டர்க்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நான் யாருன்னு தெரியுமா?" இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்பியது. சட்டைக் காலருக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண்தான் பாக்கி. நடுவர் இடையில் புகுந்தார்.

"தம்பி, உங்க எடை என்ன?"

"என்னது?"

"எடை. கிலோ."

கார்க்காரர் குழம்பிப்போய், "தொண்ணூத்தி நாலு" என்றார்.

"நீங்க?"

"அம்பத்தெட்டு. எதுக்கு சார்?"

"36 கிலோ வித்தியாசம். இந்தப் போட்டிக்கு அனுமதி கிடையாது."

கூட்டம் சிரித்துவிட்டது. ஸ்கூட்டர்க்காரருக்கு ரோஷம். "எடையில என்ன சார் இருக்கு? இத்தூண்டு கீரி நாகத்தை அடிக்கல?" என்றார். கார்க்காரர் விடவில்லை. "அது வேற கணக்குங்க. எடை இருந்தா புலி சிங்கத்தையே அடிச்சிடும்." "சிங்கத்தையா? எந்த ஊர்ல?" "எங்க வேணா." "எங்க வேணான்னா எப்படி? மைதானமா, காடா?"

கண்ணாடி கிடந்த இடத்திலேயே கிடந்தது. வழக்கு கிர் காட்டைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் பெரிய மார்க்கெட் வரைக்கும் ஹாரன். சிவப்புக் கெப்பி வைத்த போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்ன பிரச்சினை என்று கேட்டார். சிங்கம், புலி என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, கையிலிருந்த கருவியில் கார் எண்ணை அடித்தார். பிறகு ஸ்கூட்டர் எண்ணையும் அடித்தார்.

"சிங்கமோ புலியோ, நோ பார்க்கிங்ல நின்னா ரெண்டுக்கும் ஃபைன்."

நடுவர் காவலரின் வலது கையைப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.