மீஞ்சூர் ஐந்நூற்றுவர்

கைபேசியில் சதுரங்கம் ஆடத் தொடங்கி, நானூறுக்கும் அறுநூறுக்கும் இடைப்பட்ட ரேட்டிங்கில், அதாவது ஆட்டத்திறன் மதிப்பெண்ணில், நிரந்தரமாகக் குடியேறிவிட்ட பெரியவர்கள் ஐந்நூற்றுவர் எனப்படுவர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வரும் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவுக்கும் இவர்களுக்கும் உறவில்லை. அவர்கள் லாபம் பார்த்தவர்கள். தமிழ்நாடு முழுக்க இவர்கள் உண்டு என்றாலும் சென்னை சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி மின்ரயில் தடத்தில் கூட்டம் அதிகம். மீஞ்சூர்க்காரரை அந்த வகையின் மாதிரியாகக் கொள்ளலாம்.

அதற்கு ஊரின் அமைப்பே காரணம். ஏகாம்பரேஸ்வரர் கோயிலும் வரதராஜப் பெருமாள் கோயிலும் இருப்பதால் வடகாஞ்சி என்று பெயர் வாங்கிய இந்த ஊரிலிருந்து, காலையில் ஒரு கூட்டம் தெற்கே சென்னைக்குக் கிளம்புகிறது. இன்னொன்று வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு. மிச்சம் பேர் கடற்பக்கமாக வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களுக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் போகிறார்கள். திசை எதுவானாலும் காத்திருப்பு பொது. ரயில் வரவேண்டும், ஷிப்ட் பஸ் வரவேண்டும், திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் முன்னால் நிற்கும் கன்டெய்னர் லாரி நகரவேண்டும். பத்து நிமிடம் சும்மா நிற்க நேர்ந்தவனிடம் பத்து நிமிட ஆட்டம் ஒன்று தானாக வந்து சேரும்.

இந்த இனம் பெருகிய காலத்தைத் துல்லியமாகவே சொல்ல முடியும். 2020 ஊரடங்கில் முதல் தலைமுறை தோன்றியது. அந்த அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி குயின்ஸ் கேம்பிட்’ என்னும் சதுரங்கத் தொடர் அதற்கு எண்ணெய் வார்த்தது. 2022 ஜூலை 28 அன்று மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கியபோது சென்னை நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாறியிருந்தது, போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய ‘தம்பி’க் குதிரை ஊர் ஊராக வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியனானார். குகேஷ் சென்னைப் பையன். மீஞ்சூரும் கிட்டத்தட்ட சென்னைதான். இதற்கு மேல் தகுதி என்ன வேண்டும் என்பது ஐந்நூற்றுவரின் வாதம்.

தகுதி இன்னொன்றும் உண்டு. ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில், தாலி கட்டியபின் பந்திக்குக் காத்திருந்த வேளையில், இவர் தம் சித்தப்பாவைச் சதுரங்கத்தில் தோற்கடித்திருக்கிறார். சித்தப்பாவுக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே அரைகுறை. ஆனால் வெற்றி வெற்றிதான். ஆகவே செயலியில் கணக்குத் தொடங்கும்போது ‘உங்கள் நிலை என்ன?’ என்று கேட்டால் ‘புதியவர்’ என்ற கட்டத்தை இவர் விரல் தீண்டாது. ‘நடுத்தரம்’ என்பதைத் தொடும், ஆயிரத்து இருநூறு கையில் வரும். அடுத்த சில நாட்களில் நடப்பது சரிவு. புதியவரின் உண்மை நிலை தெரியாத வரைக்கும் கணக்கிடும் முறை ஒவ்வொரு முடிவுக்கும் ரேட்டிங்கைப் பெரிய பெரிய அடிகளாக நகர்த்தும். தெரிந்தபின் அடி சிறிதாகும். அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் வகுத்த வழி இது. ஆயிரத்து இருநூறிலிருந்து ஐந்நூறுக்கு ஒரு வாரத்தில் இறங்கியவர், ஐந்நூறிலிருந்து ஐந்நூற்று ஐம்பதுக்கு ஏற ஒரு வருடம் எடுத்துக்கொள்வதில் சதி எதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஐந்நூற்றுவர் அறியாத அடிப்படை உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையச் சதுரங்கம் ஒருவருக்கு அவருக்குச் சமமானவரைத் தேடிக் கொடுக்கிறது. சமமானவரிடம் ஆடினால் பாதி ஜெயிக்கும், பாதி தோற்கும். நன்றாக ஆடக் கற்றுக்கொண்டால் ரேட்டிங் ஏறும், எதிரியும் ஏறுவார், மறுபடி பாதி. இருநூறு புள்ளி கூடுதலாக உள்ளவரிடம் மோதினால் வெற்றிப் புள்ளிகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று, சதுரங்க ரேட்டிங் முறையை வகுத்த ஆர்பாட் ஈலோவின் கணக்கு சொல்கிறது; அப்படிப்பட்டவரிடம் செயலி பெரும்பாலும் அனுப்புவதில்லை. ஆக, பாதித் தோல்வி என்பது ஏற்பாடு சரியாக வேலை செய்வதற்கு அடையாளம். இவர் அதைத் தம் மூளை வேலை செய்யாததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்.

தொடர்தோல்வியும் அப்படித்தான். காசைச் சுண்டுவதுபோல் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நூறு ஆட்டங்களில், எங்கேயாவது ஓரிடத்தில் ஐந்து தோல்வி அடுத்தடுத்து வருவதற்கு ஐந்தில் நான்கு பங்கு சாத்தியம் உண்டு. ஐந்நூற்றுவர் நூறு ஆட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு நாளில் முடித்துவிடுவார். எனவே மாதத்துக்குச் சில முறை இவருக்கு ஏழரைச் சனி பிடிக்கும். கிரகத்தின் குற்றம் அதில் ஏதுமில்லை.

தோற்கும் விதங்கள் சிலவே. முதலாவது, நாலாவது நகர்வில் மேட். எதிரியின் ராணியும் மந்திரியும் சேர்ந்து, ராஜாவின் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைக் குறிவைக்கும். அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் முதல் மாதத்தில் கற்று இரண்டாம் மாதத்தில் கைவிடுகிற இந்த வித்தையில் நாற்பது வயதுக்காரர் விழுவது கண்கொள்ளாக் காட்சி. இரண்டாவது, ராணியைச் சும்மா விட்டுவிடுவது. ஐந்நூறு மட்டத்தில் ஆட்டங்கள் முடிவாவது பெரும்பாலும் இதனால்தான். லண்டன் முறை, இத்தாலியத் தொடக்கம் என்று இரவெல்லாம் யூடியூபில் இவர் பார்த்த பாடங்கள் எட்டாவது நகர்வோடு முடிந்துவிடும்; ராணி போவது ஒன்பதாவது நகர்வில். மூன்றாவதுதான் மிகக் கொடியது. ராணி கையில், யானை கையில், எதிரியிடம் ஒற்றை ராஜா. இவர் ஆனந்தமாய் ராணியைக் கொண்டுபோய் நெருக்கி வைக்கிறார். எதிரி ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். அன்று அவர் வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

தோல்விக்கு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். அத்திப்பட்டுக்கும் நந்தியம்பாக்கத்துக்கும் நடுவே நெட் போய்விட்டது. விரல் வழுக்கிவிட்டது. ரயிலில் பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இவை தீர்ந்தால் கடைசி ஆயுதம்: “இன்ஜின் போட்டு ஆடுறான் மச்சான்.” கணினியைக் கேட்டு ஆடும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு என்பதும், தளங்கள் அவர்களின் கணக்கை மூடுகின்றன என்பதும் மெய்யே. ஆனால் ஸ்டாக்ஃபிஷ் போன்ற மென்பொருள் எந்த மனிதனையும் வெல்லும் வலிமை கொண்டது. அதை வைத்துக்கொண்டு ஒருவன் ஐந்நூறில் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்வியை ஐந்நூற்றுவர் கேட்டுக்கொள்வதில்லை.

ஆறுதலுக்கு இரண்டு செய்திகளை மனப்பாடமாக வைத்திருப்பார். 1988இல் பீல் நகரில் விஸ்வநாதன் ஆனந்த் கொலம்பியாவின் சபாட்டாவிடம் ஆறே நகர்வில் தோற்றார். 2006இல் பான் நகரில், உலக சாம்பியனாக இருந்த கிராம்னிக், அடுத்த நகர்வில் தமக்கு மேட் இருப்பதைப் பார்க்காமல் கணினியிடம் தோற்றார். இரண்டும் உண்மை. ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் இவை எடுபடுவது மட்டும் கடினம்.

“ஆனந்தே ஆறு மூவ்ல தோத்திருக்காரு மச்சான்.”

“அதுக்கப்புறம் அவரு அஞ்சு தடவ உலக சாம்பியன் ஆனாரு. நீ டீ காசு குடு.”

கோபம் கூட இவருக்கே உரியது அல்ல. 2025 ஜூன் 1 அன்று நார்வேயின் ஸ்டாவங்கரில், வெல்ல வேண்டிய ஆட்டத்தைக் குகேஷிடம் கோட்டைவிட்ட முன்னாள் உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தினார். காய்கள் துள்ளி விழுந்தன. உலகமே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது, ஐந்நூற்றுவர் மற்றவர்களைவிடச் சில முறை கூடுதலாக. ஆனால் கார்ல்சனுக்கும் இவருக்கும் வேறுபாடு ஆட்டத்தில் மட்டும் இல்லை. கார்ல்சனுக்கு அன்று வேறு ஆட்டம் இல்லை. குத்தியாயிற்று, கை கொடுத்தாயிற்று, வெளியே போயாயிற்று. மீஞ்சூர்க்காரர் குத்துவது தலையணையை. ஓங்கிய கை கீழே இறங்குவதற்குள் மறுகையின் கட்டைவிரல் ‘புதிய ஆட்டம்’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கும்.

இவரைச் சோர்வில் கொண்டு தள்ளுவது தோல்வியைவிட இந்தப் பொத்தான்தான். இதில் வேடிக்கை, வேலைத்தலத்தில் இவரே இதற்கு நேர்மாறானவர். வல்லூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். அங்கே தலா 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் ஓடுகின்றன. ஒரு பாய்லர் ட்ரிப் ஆகி அணைந்தால் உடனே யாரும் தீ மூட்டுவதில்லை. உலைக்குள் எரியாமல் தங்கிப்போன நிலக்கரித் தூளும் எண்ணெய் ஆவியும் வெளியேற வேண்டும்; விசிறிகளை ஓட்டி ஏறக்குறைய ஐந்து நிமிடம் காற்றை உள்ளே செலுத்திக் கழுவ வேண்டும். அதற்குப் பர்ஜ் என்று பெயர். அது முடியாமல் மறுபடி தீ மூட்டக் கட்டுப்பாட்டு அமைப்பே விடாது. விட்டால் உலை வெடிக்கக்கூடும். எதனால் ட்ரிப் ஆனது என்று பார்ப்பதும் கட்டாயம். இதைப் புது அப்ரன்டிஸ் பையன்களுக்கு நெஞ்சு நிமிர்த்தி விளக்குகிற அதே மனிதர், சி ஷிப்ட் என்னும் இரவு வேலை முடிந்த விடியற்காலை பஸ்ஸில், ராணியை இழந்த மூன்றாவது வினாடியில், உள்ளே அத்தனை புகையோடு அடுத்த ஆட்டத்தைப் பற்றவைக்கிறார்.

முந்தைய தலைமுறைக்கு இந்தப் பர்ஜ் தானாகவே கிடைத்தது. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்க மன்றத்தில், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோனின் காலத்தில், சிறுவன் ஆனந்த் மின்னல் ஆட்டங்கள் ஆடிப் பழகினார். அங்கே ஜெயித்தவர் பலகையிலேயே தொடர்வார்; தோற்றவர் எழுந்து வரிசையின் வால்பக்கம் போய் நிற்க வேண்டும். தன் முறை வரும்வரை செய்வதற்கு இரண்டு காரியங்கள்தான்: அடுத்தவர் ஆட்டத்தைப் பார்ப்பது, தன் ஆட்டத்தை நினைப்பது. வரிசை நீளமாக இருந்தது. செயலி செய்த பெரிய தீங்கு அந்த வரிசையை ஒழித்தது. மீஞ்சூரில் எல்லாவற்றுக்கும் வரிசை இருக்க, இருக்க வேண்டிய இந்த ஒன்றுக்கு இல்லாமல் போயிற்று.

வீட்டில் நோய் முற்றியதற்கான குறிகள் தெளிவானவை. போன் மேசைமேல் குப்புறக் கிடந்தால் தோல்வி. படுக்கையில் எறியப்பட்டுக் கிடந்தால் ஸ்டேல்மேட். “என்னங்க, சோறு ஆறுது” என்ற குரலுக்கு “இதோம்மா, லாஸ்ட் கேம்” என்று பதில் வரும். கடைசி ஆட்டம் என்பதற்கு இவர் அகராதியில் ஜெயித்து முடிக்கும் ஆட்டம் என்று பொருள். தோற்றால் அது கடைசி ஆகாது. ஜெயித்தாலோ கை ராசியாக இருக்கும்போது நிறுத்துவானேன் என்று இன்னொன்று. பள்ளியில் சதுரங்கம் கற்கும் ஐந்தாம் வகுப்பு மகள் பின்னாலிருந்து பார்த்து, “அப்பா, அவங்க குதிரை எங்க வரும்னு பாத்துட்டு ராணிய வைங்கப்பா” என்று சொல்லும் நாள், குடும்பத் தலைமை கைமாறத் தொடங்கும் நாள்.

இவர் தாமே தேடிக்கொள்ளும் வைத்தியங்கள் பலனற்றவை. ஆட்டத்தைச் சுருக்கி மூன்று நிமிடமாக்குவார். பத்து நிமிடத்தில் செய்த தவறுகளை மூன்று நிமிடத்தில் செய்து முடிக்கும் திறமை வரும். புதுக் கணக்கு தொடங்குவார். முன்சொன்ன பெரிய அடிகள் சில நாளில் பழைய இடத்துக்கே இறக்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் கணினி தரும் அலசலில் பெருந்தவறைக் காட்டும் இரட்டைக் கேள்விக்குறிகளை எண்ணி நொந்துகொள்வார், ஏன் அந்தக் குறி விழுந்தது என்று ஒருநாளும் பார்க்க மாட்டார். இறுதியாக, செயலியையே நீக்குவார். இந்தச் சன்னியாசம் பெரும்பாலும் எண்ணூர் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். திரும்ப நிறுவும்போது கணக்கு அப்படியே இருக்கிறது, ரேட்டிங்கும் அப்படியே; செயலி எல்லாவற்றையும் சுத்தமாக நினைவு வைத்திருக்கிறது.

தேறியவர்களும் உண்டு, அவர்களின் வழி சலிப்பூட்டும் அளவுக்கு எளியது. இரண்டு தோல்வி அடுத்தடுத்து வந்தால் அன்றைக்குக் கடை சாத்துகிறார்கள். தோற்ற ஆட்டத்தில் தவறான ஒரே ஒரு நகர்வைக் கண்டுபிடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து ஆடுவதில்லை; தூங்காத மூளைக்கு எதிரியின் மந்திரி குறுக்குக் கோட்டின் மறுகோடியில் நிற்பது தெரியாது. ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும், எதிரி இப்போது எதை வெட்ட முடியும் என்று தம்மையே கேட்கிறார்கள். கேட்பதற்கு நேரம் வேண்டுமென்பதால் பதினைந்து நிமிட ஆட்டத்துக்கு மாறுகிறார்கள். சிலர் மரப்பலகை ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஆடுகிறார்கள். அங்கே ரேட்டிங் இல்லை, தோற்றால் காயை அடுக்கும் வேலை மட்டும் உண்டு.

எண்ணூறைத் தொட்டவர் ஐந்நூற்றுவர் வகையிலிருந்து நீங்குகிறார். டீக்கடையில் அவர் பேச்சு மாறும். “டெவலப்மென்ட் முக்கியம் தம்பி” என்று அடுத்தவனுக்குப் பாடம் எடுப்பார். பாதி ஆட்டத்தில் இன்னும் தோற்பார், எண்ணூறுக்காரர்களிடம்.