மீசையில் ஒட்டாத மண்

பழைய ரோமானியர்கள் சண்டையில் சூரர்கள் என்பது பாதிதான் உண்மை. தோற்றதைத் தோல்வி என்று ஒத்துக்கொள்ளாத அழுத்தம்தான் மீதிப் பாதி. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்த ஜாதி.

ஆனால் சம்பிரதாயத்தில் மட்டும் படு கறார். எதிரி மண்ணில் புரோகிதர் ஈட்டி எறிந்தால்தான் போர் செல்லும். கி.மு. 280-இல் பைரஸ் என்ற கிரேக்க மன்னன் படையெடுத்து வந்தான். அவன் ஊரோ கடலுக்கு அந்தப் பக்கம். ஈட்டி அவ்வளவு தூரம் போகாது. என்ன செய்தார்களாம்? பிடிபட்ட அவன் வீரன் ஒருவனை ரோமிலேயே ஒரு துண்டு நிலம் வாங்க வைத்தார்கள். கிரயம் முடிந்ததும் அது எதிரி மண். எறி ஈட்டியை! போரே அறிவிக்காமல் கைதி எப்படிக் கிடைத்தான் என்றெல்லாம் கேட்கக்கூடாது.

பைரஸ் முதல் சண்டையில் ஜெயித்துவிட்டு, சமாதானம் பேச ஆளனுப்பினான். செனட் கொஞ்சம் மசிந்தது. கண் தெரியாத கிழவர் அப்பியஸ் கிளாடியஸைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். அவர் விட்ட டோஸில், முதலில் இத்தாலியைக் காலி செய், அப்புறம் பேசலாம் என்று பதில் போனது.

அந்தப் பெரியவருக்கு வாய்த்த பிள்ளைதான் புப்ளியஸ். கி.மு. 249, கார்த்தேஜுக்கு எதிராக டிரெபானா கடற்போர்; அவன்தான் ரோமத் தளபதி. சகுனம் பார்க்கும் கோழிகள் இரை தின்னவில்லை. தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று கடலில் வீசினான். 93 கப்பல் போயிற்று; அபராதமும் கட்டினான். சில வருடம் கழித்து அவன் தங்கை, தெரு நெரிசலில் மாட்டிக்கொண்டு, அண்ணன் இருந்திருந்தால் இந்தக் கூட்டத்தையும் கரைத்திருப்பான் என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்கும் அபராதம்!

கி.மு. 216-இல் கன்னேயில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ஒரே நாளில் ரோமானியர்களில் சுமார் ஐம்பதாயிரம் பேரைச் சாய்த்தான். கார்த்தேஜாக இருந்தால் தோற்ற தளபதியைச் சிலுவையில் அறைந்திருப்பார்கள். ரோமிலோ, நம்பிக்கை இழக்காமல் திரும்பியதற்காகத் தோற்ற தளபதி வாரோவுக்கு நன்றி சொன்னார்கள்! ஹன்னிபாலிடம் சிக்கிய கைதிகளை மீட்கப் பணம் கேட்டதற்குச் சல்லிக்காசு தரவில்லை. அழுகைக்கும் முப்பது நாள்தான் கெடு.

ஐந்து வருடம் கழித்து ரோமின் வாசலுக்கே வந்து கூடாரம் அடித்தான் ஹன்னிபால். அதே சமயம் ஊருக்குள், அவன் கூடாரம் நின்ற நிலமே விற்பனைக்கு வந்தது. விலை பைசா குறையவில்லை. கேள்விப்பட்ட ஹன்னிபாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோமின் மையத்திலிருந்த வட்டிக்கடைகளைத் தன் பங்குக்கு ஏலம் போட்டுவிட்டு, தெற்குப் பக்கமாக நடையைக் கட்டினான்.