திரும்ப அழைக்க முடியாத சாம்பார்

திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் டயர் தயாரிக்கிறார்கள். டயரின் பக்கவாட்டு எண்ணைப் பார்த்தால் அது எந்த ஆண்டு, எந்த வாரம் பிறந்தது என்று தெரியும். குறை இருந்தால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். கேன்டீன் சாம்பாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உணவைத் திரும்பப் பெறவும் 2017 முதல் மத்திய அரசின் விதிமுறை உண்டு. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் மொத்த வியாபாரியும் அதற்கொரு திட்டம் வைத்திருக்க வேண்டும். சாதாரண உணவகத்துக்கும் கேட்டரிங்காரருக்கும் விலக்கு. நியாயம்தான், வயிற்றுக்குள் போனதை எந்த லாரி அனுப்பி அள்ளுவது?

2021 டிசம்பரில் இதே மாவட்டத்தில், பூந்தமல்லி அருகே ஒரு விடுதிச் சாப்பாடு தன் வேலையைக் காட்டியது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் 250 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் படுத்தார்கள். தோழிகளின் கதி தெரியாதவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன்பிறகுதான் அதிகாரிகளின் கண்ணுக்குச் சமையலறை எலிகளும் ஓடாத வடிகாலும் தென்பட்டன. பூட்டு விழுந்தது. ஆப்பிள் நிறுவனம் ஆலையையே கண்காணிப்பில் வைத்தது.

கிருமிக்கு இந்த விதிமுறையும் கண்காணிப்பும் தெரியாது. வடித்த சோற்றில் பேசிலஸ் சீரியஸின் வித்துகள் கொதியையும் தாங்கி உயிரோடு இருக்கும். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் சில மணி நேரம் கிடைத்தால் போதும், பெருகிவிடும். அது கக்கும் நச்சு ஒன்று, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. இரவு ஷிப்டுக்கென்று மாலையிலேயே வடித்து மூடிவைக்கும் அண்டா அந்த வெப்பநிலையைச் செலவில்லாமல் கொடுக்கிறது.