பேய்க்கு இதில் வேலையில்லை

என் தங்கை மகன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான், திடீரென்று தொண்டையைச் செருமுகிறான். அதட்டினால் கூடுகிறது. 'டூரெட்' என்கிறார் டாக்டர். கோடாங்கியிடம் போகச் சொல்கிறது ஊர். யார் சொல்வதைக் கேட்க?
– தாய்மாமன் ஒருவர், சாத்தான்குளம்

தும்மல் வரும்போது 'தும்மாதே' என்று அதட்டினால் நிற்குமா, மாமா? கொஞ்ச நேரம் அடக்கலாம். பிறகு வந்தே தீரும். 1885-லேயே பாரிஸ் மருத்துவர் ஜில் த லா தூரெத் எழுதிவைத்த நரம்புக் கோளாறு இது. டாக்டர் பக்கமே நில்லுங்கள். உந்துதல் எழும்போதே வேறு அசைவுக்கு மாறப் பழக்கும் பயிற்சி உண்டு. ரொம்பப் படுத்தினால் மாத்திரை. பலருக்கு வளர வளரத் தணிந்துவிடும். வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்; பையனைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்துவது வைத்தியம் அல்ல.

பந்து விளையாடுவானா? 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியம் அடித்த பந்துகளை 15 தடவைக்குக் குறையாமல் தடுத்த அமெரிக்க கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கும் டூரெட்தான்.

கெட்ட வார்த்தை பேசவைக்கும் நோயாமே அது?
– வாசகி ஒருவர், உடன்குடி

10 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான், அதுவும் அவர்களை மீறி. தெருவில் வாய்கூசாமல் பேசும் மற்றவர்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது.